மூன்றாம் ஓலை

மழைச் சாரலுக்காக மாடி ஜன்னலைச் சாத்திவிட்டுத் திரும்பும்போதுதான் ஜெஸ்மிக்குக் கிராம்பு வாசம் வந்தது.

வீட்டில் கிராம்பு கிடையாது. அப்பா யேசுரத்தினத்துக்கு இருப்பது ரப்பர் தோட்டம். இந்த வீட்டுப் படியிலும் துணியிலும், ஏன், சோற்றிலும்கூட ரப்பர் ஷீட்டைப் புகைபோடும் நாற்றம்தான் இருக்கும். கிராம்பு, அவளுக்கு நிச்சயித்த ஜெபிஷின் வாசம். அவன் வீட்டாருக்கு மலைமேல் கிராம்புத் தோட்டம். சட்டைப்பையில் எப்போதும் நாலைந்து கிடக்கும், பேச்சுக்கு நடுவே ஒன்றை எடுத்துக் கடிப்பான். இரண்டு வீட்டிலும் ஒற்றைப் பிள்ளைகள். ரப்பருக்கும் கிராம்புக்கும்தான் கல்யாணம், பிள்ளைகள் சும்மா சாட்சிக்கு என்று ஊர் கேலி பேசியது. அவளும் அந்த எரிச்சலோடுதான் பெண் பார்க்க வந்தவனுக்குக் காப்பி கொடுத்தாள். நாலே மாதத்தில் அவன் போன் வராத நாளில் சோறு இறங்காது என்று ஆகிவிட்டது.

இன்று வியாழன். இன்று மூன்றரை மணிக்குத்தான் கல்யாணம் வைத்திருந்தார்கள். போன வெள்ளிக்கிழமை கல்யாணக் கார்டு கொடுக்கப் போனவன், குலசேகரம் வளைவில் பைக் சறுக்கி அங்கேயே செத்துப்போனான்.

அவள் மாடிப்படியில் நின்று குனிந்து சமையல்காரியைக் கேட்டாள்.

"ஓமனாக்கா, கிராம்பு ஏதும் இடிச்சியளா?"

"இஞ்ச ஏது கிராம்பு மக்களே? நீ போய்க் கெட." அவளே மேலும் சொன்னாள். "அம்மையும் அப்பாவும் மாப்பிள வீட்டு ஜெபம் முடிஞ்சு இருட்டுக்க முன்ன வந்திருவாவ. நான் வீடு வரைக்கும் போயிட்டு ஓடி வாரேன்."

பின்கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அதன்பிறகு மழை மட்டும்தான். ஓட்டில் விழுந்து, ரப்பர் இலைகளில் விழுந்து, மரங்களில் பால் பிடிக்கக் கட்டிக் கவிழ்த்து வைத்த சிரட்டைகளில் டொக் டொக்கென்று விழுந்து, பட்டப்பகலிலேயே தோட்டத்தைக் கருக்கலாக்கிக்கொண்டிருந்த மழை. ஜெஸ்மி அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள். வாசம் குறையவில்லை. கூடவே ஈர மண் வாசமும் வந்தது.

சனிக்கிழமை அவனை அடக்கம் செய்தார்கள். கல்யாணக் கோட்டு, வெள்ளைக் கையுறை, புது ஷூ. மாப்பிள்ளையாகவே போகட்டும் என்று அவன் அம்மா பிடிவாதமாகச் சொல்லிவிட்டாள். அந்த ஷூவை வாங்கிய அன்று போனில் புலம்பினான்: "நடந்தா கீச்சு கீச்சுன்னு கேக்குவு ஏட்டி. கோவில்ல எல்லாவனும் சிரிக்கப்போறான்." எவ்வளவு சிரித்தாள் அன்றைக்கு!

மறுநாள் ஞாயிறு. கோவிலுக்கு வந்தால் மனசு ஆறும் என்று அம்மா லீலாபாய் அவளை இழுத்துக்கொண்டு போனாள். போதகர் துக்க வீட்டில் இருந்ததால் வேறு ஊர் உபதேசியார் ஒருவர் ஆராதனை நடத்தினார். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பது சபை வழக்கம். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று கேட்பார்கள். இவர்களுக்கு இரண்டு ஞாயிறு வாசித்தாகிவிட்டது. மூன்றாவது ஓலையை அறிவிப்புப் புத்தகத்திலிருந்து எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. ஒன்றும் அறியாத அந்த மனிதர் அதை விரித்து, கணீரென்று வாசித்தார்.

அப்பா எழுந்திருக்கப் போனார். ஜெஸ்மி அவர் வேட்டியைப் பிடித்து உட்காரவைத்தாள். அவன் பெயரும் அவள் பெயரும் சேர்ந்து ஒலிப்பது அதுதான் கடைசி முறை. அதை முழுக்கக் கேட்டுவிட வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. தடை உண்டா என்று உபதேசியார் கேட்டார், காத்திருந்தார். முந்நூறு பேர் தலை குனிந்துகொண்டார்கள். பெண்ணே வாய் திறக்காதபோது யார் சொல்வது? தடை ஒன்றும் இல்லை என்று சொல்லிப் புத்தகத்தை மூடினார்.

அறைக் கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று இருபத்தைந்து.

கீழே முன்கதவு திறந்தது. ஓமனாக்கா பின்பக்கமாகத்தானே வருவாள்?

"ஓமனாக்கா?"

மழைச் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு முதல் படியில்.

கீச்.

நனைந்த தோலின் சத்தம். இரண்டாவது படி. கீச். பதினாறு படி. எண்ணவும் பயமாக இருந்தது, எண்ணாமல் இருக்கவும் முடியவில்லை. பத்து. பதினொன்று. கிராம்பு நெடி தொண்டைக்குள் இறங்கியது. பதினாறு.

கதவுக்கடியில் இருந்த வெளிச்சக் கோடு இரண்டு இடத்தில் மறைந்தது.

"ஏட்டி ஜெஸ்மி."

அவன் குரல்தான். வாய் நிறையப் பஞ்சை வைத்துக்கொண்டு பேசுவதுபோல்.

"ஓலை மூணும் வாசிச்சாச்சுல்லா? ஒருத்தரும் தடை சொல்லல்ல. நீயும் சொல்லல்ல."

தடை உண்டு. இரண்டே வார்த்தை. சொன்னால் அவன் போய்விடுவான், அது அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. வாயைத் திறந்தாள். என்ன தடை என்று கேட்பானே. நீங்கள் செத்துப்போனீர்கள் என்று அவன் முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது? ஊரெல்லாம் சொல்லிவிட்டது. அவள் மட்டும் இன்னும் சொல்லவில்லை.

வெளியே அவன் காத்திருந்தான். உபதேசியார் காத்திருந்த அதே அளவு நேரம்.

"அப்ப வா. நேரமாச்சு."

அவள் கைதான் தாழ்ப்பாளை நீக்கியது.

கதவு ஒரு சாண் திறந்தது. இடுக்கு வழியாக வெள்ளைக் கையுறை உள்ளே நீண்டது. மணிக்கட்டுவரை செம்மண். அவள் கையைக் கொடுத்தாள். குளிர். கனம். அழுதுகொண்டே இறுகப் பிடித்தாள்.

கையுறைக்குள் விரல்கள் இல்லை. ஈர மண் பிதுங்கி, அவள் விரல்களுக்கு இடையே வழிந்தது. வெறுந்துணியாகிக்கொண்டிருந்த கையுறை மெல்ல மடங்கி அவளை இறுகப் பிடித்தது.