கழுத்தில் விழுந்த கோடு

ஆடி மாதத்து மத்தியானம். திருத்தணி மலையடிவாரத்தில் சேட்டுவின் தையல்கடைக்குள் கஜபதி நுழைந்தான். கையில் பாதி தைத்த கருநீலக் கோட்டு. வெள்ளிக்கிழமை அரக்கோணத்தில் பெண் பார்க்கப் போகவேண்டும், அதற்குள் முடித்தாக வேண்டும்.

சேட்டு அதை அவனுக்கு மாட்டிவிட்டுப் பின்னால் போய் நின்றார்.

"எங்கங்க வெட்டுனது?"

"ரங்கூன்ல. குண்டு போட்டாங்க, பாதியிலயே ஓடியாந்துட்டேன்."

அது ஊருக்குச் சொன்ன கதை. ரங்கூனில் அந்தக் கோட்டை வெட்டியவர் பள்ளிப்பட்டு முனுரத்தினம். "அசையாம நில்லுங்க தம்பி, குறி போட்டாத்தான் வெட்ட முடியும்" என்று சாக்குக்கட்டியோடு அவர் நின்றபோதே விமானத் தாக்குதலின் அபாயச் சங்கு ஊதியது. நிறைமாத மனைவியைப் பதுங்குகுழியில் விட்டுவர ஓடினார். அவளை ஊருக்கு அனுப்ப வாங்கிய கப்பல் டிக்கெட் மேஜைமேல் இருந்தது. கஜபதி அதை எடுத்துக்கொண்டு துறைமுகத்துக்கு ஓடினான். பாவி, போட்டிருந்த கோட்டையாவது கழற்றி வைத்தானா? புருஷனும் பெண்சாதியும் மலைப்பாதையில் நடந்து வந்து பேதியில் செத்தார்கள் என்று பிறகு சேதி வந்தது. அன்றைக்கும் இவன் வயிறாரச் சாப்பிட்டான்.

"ஏங்க," சேட்டுவின் குரல் இறங்கியது. "பழைய குறி எல்லாம் மங்கிப் போச்சு. இது ஒண்ணு மட்டும் புதுசா கீது."

"காலர்லயா?"

"இல்லீங்க. உங்க கழுத்துல."

கஜபதி பிடரியைத் தடவினான். விரலில் வெள்ளைப் பொடி ஒட்டியது.

கோட்டைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் குளத்துக்கு ஓடினான். தேய்த்தான். தோல் சிவந்தது. கோடு இரண்டு பக்கமும் நீண்டு காதடிக்கு வந்தது.

முருகனுக்கு மொட்டை போடுகிறேன் என்று வேண்டிக்கொண்டு மூச்சிரைக்கப் படியேறினான். நாவிதர் முனியன் அவன் தலையைக் குனிய வைத்தவர், சட்டென்று கையை எடுத்துவிட்டார்.

"இன்னாங்க இது? கோடு சுத்தி வந்து முன்னால ஒண்ணா சேர்ந்துகினு கீது."

சொல்லிவிட்டுத் தண்ணீர் மொண்டுவரப் போனார்.

கஜபதி தனியாக உட்கார்ந்திருந்தான். கற்பூர வாசனை எங்கே போயிற்றோ தெரியவில்லை. இஸ்திரிப் பெட்டியின் கரிப்புகையும் ஈரக் கம்பளித் துணியின் வாடையும் வந்தன.

பின்னால் கத்தரி திறக்கும் சத்தம்.

எழப்பார்த்தான். சில்லென்ற உள்ளங்கை ஒன்று மோவாயைப் பிடித்து நிமிர்த்தியது.

"அசையாதீங்க தம்பி. குறி போட்டாச்சு."

செம்போடு திரும்பி வந்த முனியன், பார்த்ததை யாரிடமும் சொல்லவில்லை. அன்றோடு கத்தியைத் தொடவும் இல்லை.

அடிவாரத்தில், சாப்பிடப் போயிருந்த சேட்டு கடையைத் திறந்தார். மிஷினின் மிதி தானாக ஆடி மெல்ல நின்றது. கஜபதி எறிந்துவிட்டுப் போன கோட்டு ஆணியில் தொங்கியது. பித்தான்துளை வரைக்கும் தைத்து முடிந்திருந்தது. அப்படிப்பட்ட கைவேலையை அவர் பார்த்ததே இல்லை.

காலரைத் தேடினார். தலை நுழையும் வழியே இல்லாமல், கழுத்து மூடித் தைத்திருந்தது.