பயப்படத் தெரிந்த ஒருத்தி

"பிரஷர் எல்லை தாண்டிடுச்சுங்க! எல்லாரும் வெளிய போங்க!" என்று கத்தினாள் பூங்கோதை.

பெருந்துறைச் சாயப்பட்டறையின் கொதிகலன் கூடத்தில் அவளைத் தவிரப் பதினொரு பேர் இருந்தார்கள். ஒருவரும் அசையவில்லை.

"ஏனுங்க இந்தக் கத்து கத்தறீங்க?" என்றார் முதலாளி சென்னியப்பன். "இந்த லாட் துணி முடியட்டும், பாத்துக்கலாம்."

தொழில்முனைவோர் பயிற்சியின் கடைசி நாளில் 'துணிவேற்றம்' என்ற சிகிச்சை கட்டாயமாகிப் பத்து வருடங்கள் ஆகியிருந்தன. நெற்றியில் ஒரு பட்டை, இருபது நிமிடம். மூளையில் அச்சம் பிறக்கும் இடம் மரத்துப்போகும். நஷ்டத்துக்குப் பயந்து தயங்கியவர்களெல்லாம் ஆலை தொடங்கினார்கள். மாவட்டத்தில் தொழிற்சாலைகள் நான்கு மடங்காயின. பிறகு தொழிற்பயிற்சி நிலையங்களிலும் அதையே செய்தார்கள். பல்லாயிரத்தில் ஒருவருக்கு அது பலிக்காது. கொதிகலன் இயக்கப் படித்த பூங்கோதைக்குப் பலிக்கவில்லை. வேலை போய்விடுமென்று அவள் அதை யாரிடமும் சொன்னதில்லை.

உலைக்குக் காற்று தரும் விசிறியை நிறுத்தினாள். உள்ளே கிடந்த விறகு எரிந்துகொண்டே இருந்தது. நீராவியை வெளியேற்ற வேண்டிய வால்வு இறுகிப்போயிருந்தது.

ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து இழுத்தாள். இழுத்தால் வந்தார்கள், டீ குடிக்கப் போகிறவர்களைப் போல. கொதிகலனைவிட அந்த முகங்கள்தான் அவளைக் கதிகலங்க வைத்தன. சென்னியப்பனின் தம்பி குழந்தைவேலு மட்டும் கையை உதறினான்.

"நீங்க போங்கக்கா, நான் பாத்துக்கறன்" என்று சிரித்தான்.

பத்தாவது ஆளை அவள் மதிலுக்கு அப்பால் தள்ளியபோது கூரை வானத்துக்கு எழும்பியது.

புழுதி அடங்கியதும் சென்னியப்பன் இடிபாட்டுக்குள் நேராக நடந்துபோய்த் தம்பியின் செருப்பை எடுத்துவந்தார். அவருக்கு அழுகை வந்தது, நடுக்கம் வரவில்லை.

"அம்மணி, அவன் ஏன் ஓடல?" என்று கேட்டார். உண்மையாகவே தெரியாமல் கேட்டார்.



மரத்துப்போனதை மீட்க வழியில்லை என்று நிபுணர்கள் கைவிரித்தார்கள். அடுத்த ஆண்டு அரசு 'அச்சப் பயிற்சி' என்றொரு ஆறு மாதப் படிப்பைத் தொடங்கியது. பயிற்றுநர் பூங்கோதை.

முதல் வகுப்பில் அன்று நடந்ததைச் சொன்னாள். சொல்லச் சொல்ல உள்ளங்கை வியர்த்தது, கைகள் நடுங்கின, குரல் அடைத்தது. நாற்பது பேரும் அவளையே உற்றுப் பார்த்துக் குறிப்பெடுத்தார்கள்.

முன்வரிசைப் பெண் கை தூக்கினாள். அடுத்த வாரம் பட்டாசு ஆலை திறக்கவிருந்தவள்.

"மேடம், கை எத்தன செகண்ட் நடுங்கோணுங்க? பரீட்சைக்கு வருங்களா?"