உகரச் சுட்டு

மின்செருகியைக் கழற்றிய பிறகும் சலவை இயந்திரத்தின் உருளை அரைச் சுற்றுத் திரும்பி நின்றது. மிச்ச வேகமாக இருக்கும் என்று ஆரணி முதலில் நினைத்தாள். ஆனால் காலையிலிருந்து அது ஒரு சுற்றுக்கூட ஓடவில்லை.

தண்ணீரை உறிஞ்சும், ஒருமுறை உறுமும், மோட்டர் சென்சருக்குரிய பிழைக்குறியைக் காட்டி அடங்கிவிடும். அவ்வளவுதான். பக்கவாதத்தில் பேச்சும் அசைவும் போன அம்மா பத்மாவதிக்கு ஒரு பகலில் நாலைந்து விரிப்பு மாற்ற வேண்டியிருந்தது. உடுவில் ஊரை விட்டு மழை அசையவில்லை. கொடியில் எதுவும் காயவில்லை. கடைசி உலர்ந்த விரிப்பு இப்போது அம்மாவின் கீழே கிடந்தது. முதுகில் புண் தொடங்கியிருந்தது. ஈரத்தில் கிடத்தினால் அது ஆறாது.

திருத்துநர் எமில்ராஜ் குருநகரிலிருந்து வருவதாகச் சொல்லியிருந்தான். வந்தது அவனுடைய வீடியோ அழைப்பு மட்டும்.

"றோட்டெல்லாம் வெள்ளம் ரீச்சர். வரேலாது. நீங்களே பின்மூடியைக் கழட்டுங்கோ, நான் பாத்துச் சொல்லுறன்."

"நான் தமிழ் இலக்கணம் படிப்பிக்கிறனான் எமில். மோட்டர் படிப்பிக்கேல்லை."

"ரெண்டும் ஒண்டுதான். பிழை பிடிக்கிற வேலைதானே."

அவள் சிரிக்கவில்லை. போனை இயந்திரத்தின் முன்னும் பின்னும் தெரியும்படி பக்கச் சுவரின் தட்டில் சாய்த்துவைத்து, இயந்திரத்துக்கும் சுவருக்கும் இடையே உடலைச் செருகி உட்கார்ந்தாள். சவர்க்காரமும் துருவும் பூஞ்சணமும் கலந்த வாடை அந்த இடுக்கில் தேங்கி நின்றது. தகரத் தாழ்வாரத்தில் மழை விடாமல் அறைந்தது. ஆணிகள் ஒவ்வொன்றும் அவளுடைய பொறுமையை அளந்து பார்த்த பின்பே கழன்றன. மூன்றாவது ஆணியில் விரல் கிழிந்தது.

எமில்ராஜ் சொன்ன முறை எளிது. மோட்டருக்குப் போகும் தடித்த வயரைக் கழற்றிவிட வேண்டும். பிறகு மின்சாரத்தைக் கொடுத்து, சென்சர் வயரில் வீட்டிலிருந்த மின்சோதனை மீற்றரின் இரு ஊசிகளையும் பிடித்தபடி, உருளையோடு சேர்ந்து சுழலும் பெரிய சக்கரச் சில்லைக் கையால் சுற்ற வேண்டும். மீற்றரின் முள் ஏறி இறங்கினால் சென்சர் நல்லது, அசையாவிட்டால் பழுது.

"ஊசி பிடிக்கவே ரெண்டு கையும் வேணும். பிறகு எதாலை சுத்துறது?" என்றாள் எரிச்சலோடு.

"உவவைச் சுத்தச் சொல்லுங்கோவன்."

"அம்மா எழும்பமாட்டா எண்டு உமக்குத் தெரியும்தானே?"

இணைப்பு விக்கியது. அவள் மோட்டர் வயரைக் கழற்றி, மின்சாரத்தைக் கொடுத்து, இரு ஊசிகளையும் சென்சர் வயரில் பிடித்தாள். ஒரு வேலையைச் சரியாகக் கேட்டுச் செய்ய இந்த ஊரில் ஒருவருக்கும் காது இல்லை என்று அவள் பல்லைக் கடித்தாள்.

அப்போது முள் ஏறியது. இறங்கியது. ஏறியது.

"ஓம், உந்த வேகம் காணும், கூடத் தேவையில்லை" என்றான் எமில்ராஜ். "சென்சரிலை பிழையில்லை ரீச்சர்."

சில்லு சுற்றிக்கொண்டிருந்தது. வலப்புறம் சில சுற்று. நிறுத்தம். இடப்புறம் சில சுற்று. கழற்றிய மோட்டர் வயர் அவளுடைய மடியில் கிடந்தது.

அவள் அவன் சொன்ன 'உவ' என்ற சொல்லுக்குத் திரும்பிப் போனாள். அறைக்குள் கிடக்கும் அம்மாவை 'அவ' என்றிருப்பான். தன்னருகே நிற்பவளை 'இவ' என்றிருப்பான். 'உவ' என்றால் கேட்பவளுக்குப் பக்கத்தில் இருப்பவள். வகுப்பில் பிள்ளைகள் தவறலாம். தாய்ப்பாலோடு வந்த சுட்டை இவன் தவறவிடமாட்டான்.

"எமில்." குரலைத் தாழ்த்தினாள். "ஆரை உவ எண்டு சொன்னனீர்?"

"முன்பக்கம் குந்தியிருக்கிறவவைத்தான். வேலைக்கு வந்தவ எண்டு நினைச்சன். மெசின் கதவைத் திறந்து உள்ளுக்கை கையை விட்டெல்லோ சுத்துறா." குரல் போனுக்கு நெருங்கி வந்தது. "கைதான் கொஞ்சம் நீளம்."

இயந்திரம் அவளுடைய தலைக்கு மேல் உயர்ந்து நின்றது. முன்பக்கம் தெரியவில்லை.

முள் விழுந்தது. சில்லு நின்றது.

"எழும்பீட்டா ரீச்சர். அம்மாவின்ரை அறைப்பக்கமா..."

இணைப்பு அறுந்தது.

மழை. மழை மட்டும்.

பிறகு, மாரி மழைக்கு முன்பே பேச்சு நின்றுபோன வாயிலிருந்து, தெளிவாக, அம்மாவின் குரல் வந்தது.

"பிள்ளை, இவ ஆர்?"

இவ.

ஆரணி இடுக்கிலிருந்து பிய்த்துக்கொண்டு ஓடினாள். அறைவாசலில் கால் நின்றது. கட்டிலின் மேல் விரிப்பின் இரு முனைகளும் பிடிப்பார் இல்லாமல் நிமிர்ந்து, கயிறாக முறுகிக்கொண்டிருந்தன. வலப்புறம். நிறுத்தம். இடப்புறம். அம்மா அதற்குள் இருந்தாள்.

வீட்டிலிருந்த கடைசி உலர்ந்த விரிப்பு சொட்டிக்கொண்டிருந்தது. தண்ணீர் என்றே அவள் முதலில் நினைத்தாள்.