அம்மாவின் ரோஜாப்பூக்கள்

நடை பழகும் மீரிமின் குட்டித் தம்பி அல்மாஸின் கால்களைக் கறுப்பும் வெள்ளையுமாய் முறுக்கிய கம்பளிக் கயிற்றால் கட்டியாயிற்று. தெருப் பிள்ளைகள் எல்லாரும் ஓடத் தயாராக நின்றார்கள். யார் முதலில் ஓடி வருகிறார்களோ, அவர்கள்தான் கயிற்றை வெட்டுவார்கள். பிறகு அல்மாஸ் தடுக்கி விழாமல் நடப்பான் என்பது ஊர் நம்பிக்கை.

வீடியோ எடுக்க அம்மா போனைத் தூக்கினார். 'இடம் இல்லை' என்றது போன்.

"ஐயையோ, இப்ப அப்பாவுக்கு என்னத்தக் காட்டுறது?"

அப்பா ஆடுகளோடு மலை மேய்ச்சலுக்குப் போயிருந்தார். குளிர் தொடங்கினால்தான் இறங்குவார். கயிறு வெட்டுவதோ ஒரு பிள்ளைக்கு ஒரே தடவைதான்.

"இதுக்குப் போயாம்மா கவலைப்படுற? போன்ல எடுக்கிறதெல்லாம் தானா கம்ப்யூட்டருக்குப் போயிடுது. நான்தான் இணைச்சு வெச்சேன். போன்ல மொத்தமா அழிச்சுடு" என்றான் அண்ணன் தைலக்.

மீரிமுக்குச் சந்தேகம் வந்தது. "அது வேற படம், இது வேற படமா? இல்ல, ரெண்டும் ஒண்ணா?"

"வந்துட்டா விஞ்ஞானி."

"ஒண்ணே ஒண்ணை அழிச்சுப் பாப்போமே."

அப்பாவின் பூட்ஸைத் தெரியாமல் எடுத்த படம் ஒன்று இருந்தது. மீரிம் அதைப் போனில் அழித்துவிட்டு, ஓடிப்போய்க் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். அங்கேயும் பூட்ஸைக் காணோம்.

தைலக்கின் முகம் தொங்கிப்போனது. "அப்போ... தம்பி பொறந்தன்னைக்கு எடுத்ததும் போயிருக்குமா?"

"அதுவும்தான்."

அம்மா தைலக்கின் காதைப் பிடித்தார். நல்லவேளை, திருகவில்லை.

அப்படியென்றால் இடத்தை அடைத்துக்கொண்டிருப்பது எது? மீரிம் பெரிய திரையில் தேடினாள். ரோஜா. மறுபடி ரோஜா. தேநீர்க் கோப்பையோடு ரோஜா. பாட்டுப் பாடிக்கொண்டே விரியும் ரோஜா. எல்லாம் அத்தைகளும் சித்திகளும் வெள்ளிக்கிழமைதோறும் அனுப்பிய ஆசி வீடியோக்கள்.

"அம்மா, இதையெல்லாம் அழிச்சுடவா?"

"ஆசியைப் போய் யாராவது குப்பையில போடுவாங்களா? என்ன பேச்சுடி இது?"

மீரிம் கொஞ்சம் யோசித்தாள். "சாப்பிட்டு முடிச்சதும் பெரியவங்க ஆசி சொல்றாங்களே, நாம என்ன பண்றோம்?"

"முகத்தைத் தடவி 'ஓமின், அப்படியே ஆகட்டும்'னு வாங்கிக்கிறோம்."

"அப்புறம்?"

"அப்புறம் சாப்பாட்டு விரிப்பைச் சுருட்டி..." அம்மா பாதியில் நிறுத்தினார். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மூவரும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு ரோஜாவையும் பார்த்து அம்மா முகத்தைத் தடவி "ஓமின்" என்றார். உடனே மீரிம் அழித்தாள்.

"கொஞ்சம் வேகமா வாங்கிக்கோம்மா. வெளிய பசங்க கத்துறாங்க" என்றான் தைலக்.

எல்லாம் முடிந்தது. ஆனாலும் போன் 'இடம் இல்லை' என்றே சொன்னது. மீரிம் நகத்தைக் கடித்தாள். "அழிச்சதெல்லாம் எங்கதான் போகுது?"

"அட, குப்பைக்கூடையில கிடக்கும். அதையும் கொட்டணும்" என்று தைலக் ஒரு பொத்தானை அழுத்தினான். போன் வழிக்கு வந்தது.

பிள்ளைகள் ஓடினார்கள். பக்கத்து வீட்டுப் பெண் முந்தி வந்து கயிற்றை வெட்டினாள். அல்மாஸ் எழுந்து, தள்ளாடி நடந்து, நாய்க்குட்டியின் வாலைப் பிடித்துக்கொண்டான். அத்தனையும் வீடியோவில் பதிந்து அப்பாவுக்குப் போனது.

சாயங்காலம் அப்பா சிக்னல் கிடைக்கும் மேட்டில் ஏறி அதைப் பார்த்தார் போலிருக்கிறது. சற்று நேரத்தில் பதில் வந்தது. பெரிய, சிவந்த, பாட்டுப் பாடும் ரோஜா.

அம்மா முகத்தைத் தடவி "ஓமின்" என்றார். மீரிமின் விரல் பழக்கதோஷத்தில் அழிக்கப் போனது.

"அதுல மட்டும் கை வெச்ச, அவ்வளவுதான்" என்று அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டார்.