நாற்பத்து மூன்று சொந்தக்காரர்கள்

மலாயாவின் காஜா பெராங் தமிழ்க் கிறிஸ்தவ சபையில் மணி அடிப்பவர், பாய் விரிப்பவர், ஒழுகும் தகரக் கூரைக்குக் கீழே வாளி வைப்பவர் எல்லாம் ஒரே ஆள்தான். அவர் பெயர் சகோதரர் தேவதாஸ்.

'சகோதரர்' என்பதும் அவர் பெயரில் ஒரு பகுதி என்றே பத்து வயது சுகிர்தா வெகுநாள் நினைத்திருந்தாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. போதகர் முதல் கடைசிப் பாயில் உட்காரும் அப்பாசாமி வரை எல்லாரும் அவரை அப்படித்தான் அழைத்தார்கள்.

அது 1957, ஆகஸ்ட் மாதம். மெர்டேக்கா என்ற சுதந்திர நாளுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. சபை வாசலில் கட்டுவதற்குக் காகிதக் கொடி வாங்கப் புதன்கிழமை சைக்கிளில் போனார் தேவதாஸ். வழியில் ஓர் ஆடு குறுக்கே வந்தது. ஆட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர்தான் சாக்கடையில் விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டார்.

சபையின் நாற்பத்து மூன்று பேரும் அவருக்காக வீட்டுக்கு வீடு ஜெபம் செய்தார்கள். ஆனால் ஆஸ்பத்திரிக்கு யாரும் போகவில்லை. மூப்பர் மாணிக்கவாசகம் போயிருப்பார் என்று போதகர் நினைத்தார். போதகர் போயிருப்பார் என்று மூப்பர் நினைத்தார். இரண்டு பேரும் போயிருப்பார்கள் என்று மற்ற எல்லாரும் நினைத்தார்கள்.

சனிக்கிழமை காலையில் சுகிர்தாவின் அம்மா கஞ்சி காய்ச்சித் தூக்குச்சட்டியில் ஊற்றினாள்.

"கைப்பிள்ளைய வச்சுக்கிட்டு என்னால வர முடியாது சுகிர்தா. நீ போய்க் குடுத்துட்டு வா. வழியில ஆடு வந்தா ஒதுங்கி நில்லு" என்றாள்.

சுகிர்தா கஞ்சி சிந்தாமல் ஆஸ்பத்திரிக்கு நடந்து சேர்ந்தாள். வாசலில் பாக் சமாட் என்ற மலாய்க் காவலாளி நின்றிருந்தார். அது நோயாளிகளைப் பார்க்கும் நேரமில்லை. அவர் குனிந்து, தூக்குச்சட்டியையும் அவளையும் பார்த்துக் கேட்டார்.

"சவுதாரா?"

சுகிர்தாவுக்குத் தெரிந்த மலாய், பாசாரில் மீன் வாங்கும் அளவுக்குத்தான். 'சொந்தக்காரரா?' என்று அவர் மலாயில் கேட்டது அவள் காதில் 'சகோதரரா?' என்று விழுந்தது. இவருக்குக்கூட நம் ஆளைத் தெரிந்திருக்கிறதே என்று அவளுக்கு ஒரே மகிழ்ச்சி.

"யா! சகோதரர் தேவதாஸ்!" என்றாள்.

பாக் சமாட் கதவைத் திறந்துவிட்டார்.

தேவதாஸ் சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தார். மூன்று நாளில் முகம் பாதியாக இளைத்திருந்தது. அதைப் பார்த்ததும் சுகிர்தாவுக்கு அழுகை வந்தது.

"மாமா, கஞ்சி" என்றாள் மெதுவாக.

அவர் திரும்பினார். "யாரு, சுகிர்தாவா? உன்னை எப்படிம்மா உள்ள விட்டாங்க?"

அவள் பதில் சொல்வதற்குள் ஒரு தாதி வேகமாக வந்தார். அவர் பெயர் ஜெயா. எல்லாரும் அவரை மிஸ்ஸி என்றே கூப்பிட்டார்கள்.

"இவருக்கு நீ சொந்தமா? அப்பாடா! யாராச்சும் வருவாங்களான்னு மூணு நாளா வாசலையே பார்த்துக்கிட்டு இருக்கேன். நாளன்னைக்கு இவருக்கு ஆப்பரேசன். ரெண்டு போத்தல் ரத்தம் வேணும். சொந்தக்காரங்கதான் குடுக்கணும். நாளைக்குள்ள கிடைக்கலன்னா ஆப்பரேசன் தள்ளிப்போயிடும். அப்புறம் கால் கோணலா சேர்ந்துடும், நடக்கிறதே கஷ்டம்."

"சின்னப் பிள்ளைகிட்ட எதுக்கு மிஸ்ஸி இதெல்லாம்?" என்றார் தேவதாஸ். "ஊர்ல இருந்தவங்க எல்லாம் போய்ச் சேர்ந்துட்டாங்க. எனக்குன்னு யாரும் இல்ல. கால் எப்படிச் சேருதோ சேரட்டும்."

சுகிர்தாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"யாரும் இல்லையா? அப்ப நாங்க யாரு?" என்று கேட்டுவிட்டு அவள் தாதியிடம் திரும்பினாள். "மிஸ்ஸி, இவருக்கு நாங்க நாப்பத்தி மூணு பேர் இருக்கோம்."

"நாப்பத்தி மூணு பேரா? ஒரே குடும்பமா?"

"ஆமா. ஞாயித்துக்கிழமை எல்லாரும் ஒண்ணாத்தான் இருப்போம்."

தேவதாஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சுகிர்தா அதில் ஒரு கரண்டிக் கஞ்சியை வைத்துவிட்டாள்.

மறுநாள் ஆராதனையில் போதகர் வழக்கம்போல, "ஜெபக் குறிப்பு இருக்கிறவங்க சொல்லலாம்" என்றார். பெரியவர்கள் எழும் நேரம் அது. சுகிர்தா எழுந்து நின்றாள். மிஸ்ஸி சொன்ன எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

சபை கப்சிப் என்று ஆனது. இரத்தம் கொடுப்பது அந்தக் காலத்தில் பலருக்குப் பெரிய பயம். கொடுத்தால் உடம்பு தேறவே தேறாது என்று நம்பியவர்கள் அங்கேயே பாதிப் பேர். சிலர் பாயில் கோரையை எண்ணினார்கள். சபையின் பாட்டுத் தலைவரான மூப்பர் மாணிக்கவாசகம், கதவை அடைத்து நிற்கும் உடம்புக்காரர், "எனக்குச் சின்ன வயசிலிருந்தே ரத்தம் கம்மி" என்று முணுமுணுத்தார்.

சுகிர்தா அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். காதோடு காதாகத்தான் கேட்டாள்.

"அம்மா, நாங்க நாப்பத்தி மூணு பேர் இருக்கோம்னு மிஸ்ஸிகிட்ட சொல்லிட்டேன். நான் பொய் சொல்லிட்டேனாம்மா?"

சபை அவ்வளவு அமைதியாக இருந்ததால் அது கடைசிப் பாய்வரை கேட்டது.

முதலில் எழுந்தவர் போதகர். "நீ பொய் சொல்லலம்மா. மூணு நாளா நாங்கதான் ஒருத்தரும் போகல" என்றார். பிறகு பொன்னம்மா அக்கா எழுந்தாள். அப்பாசாமி எழுந்தார். வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, பெருமூச்சு விட்டபடி, மாணிக்கவாசகமும் எழுந்தார்.

அன்று மதியம் பத்தொன்பது பேர் ஆஸ்பத்திரி வாசலில் வரிசையாக நின்றார்கள். பாக் சமாட் ஒவ்வொருவரிடமும் "சவுதாரா?" என்று கேட்டுக் கேட்டு, ஏழாவது ஆளோடு கேட்பதை நிறுத்திவிட்டார்.

ஜெயா மிஸ்ஸி வரிசையைப் பார்த்தார். கறுப்பு, மாநிறம், நெட்டை, குட்டை என்று ஒருவர் சாயலும் இன்னொருவருக்கு இல்லை. "இத்தனை பேரும் அவரோட கூடப் பிறந்தவங்களா?" என்று சுகிர்தாவிடம் கேட்டார்.

"கூடப் பிறக்கல மிஸ்ஸி. கூட இருக்கிறவங்க" என்றாள் சுகிர்தா.

மிஸ்ஸி சிரித்துக்கொண்டே ஊசியை எடுத்தார்.

சோதித்துப் பார்த்ததில் தேவதாஸின் இரத்தத்தோடு ஒத்துப்போனது இரண்டே பேருக்குத்தான். ஒருவர் பொன்னம்மா அக்கா. அவள் கையை நீட்டினாள், கொடுத்தாள், எழுந்து போய் மைலோ குடித்தாள். இன்னொருவர் மாணிக்கவாசகம். அவர் ஊசியைப் பார்த்ததும் வேர்த்துக் கொட்டி, "நான் நாளைக்கு வரட்டுமா?" என்றார்.

நாளைக்கு வந்தால் நேரமாகிவிடும். சுகிர்தா அவருடைய மற்றக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமா, கண்ணை மூடிக்கிட்டு ஒரு கீர்த்தனை பாடுங்க. உங்களுக்குப் பிடிச்ச நீளமான பாட்டு."

"ஆஸ்பத்திரியிலயா?"

"மெதுவாப் பாடுங்க மாமா."

மாணிக்கவாசகத்துக்கு மெதுவாகப் பாடத் தெரியாது. கண்ணை மூடி ஆரம்பித்தார். மூன்று வார்டுகளுக்குக் கேட்டது. வரிசையில் நின்றவர்கள் பழக்க தோஷத்தில் சேர்ந்து பாடினார்கள். கடைசிச் சரணத்தை ஓர் இழுப்பு இழுத்துவிட்டுக் கண்ணைத் திறந்து, "இப்பக் குத்துங்க மிஸ்ஸி, நான் தயார்" என்றார்.

"போத்தல் நிறைஞ்சு போய் அஞ்சு நிமிசம் ஆச்சு" என்றார் மிஸ்ஸி.

திங்கட்கிழமை ஆப்பரேசன் நல்லபடி முடிந்தது. கால் நேராகச் சேரும், நடக்கலாம் என்று டாக்டர் சொன்னார். அதைக் கேட்டபோது சுகிர்தாவின் அம்மா கைப்பிள்ளையை அணைத்துக்கொண்டு அழுதுவிட்டாள்.

அந்த வாரம் கடைசியில் சுகிர்தா பார்க்கப் போனபோது தேவதாஸ் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். முகத்தில் களை வந்திருந்தது. ஆனால் பெரிய சிக்கலில் மாட்டியவர்போல விழித்தார். கட்டிலைச் சுற்றி ஏழு தூக்குச்சட்டிகள் இருந்தன. ஏழு வீட்டுக்காரர்களும் அவர் எதை முதலில் திறக்கிறார் என்று பார்த்தபடி நின்றிருந்தார்கள்.

"யாருதை முதல்ல தொறந்தாலும் மத்த ஆறு பேரும் கோவிச்சுக்குவாங்க. நான் என்ன செய்யட்டும் சுகிர்தா?" என்று கிசுகிசுத்தார்.

சுகிர்தா கொஞ்சம் யோசித்தாள். மிஸ்ஸியிடம் ஒரு பெரிய தட்டை வாங்கினாள். ஏழு சட்டிகளையும் திறந்து, ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி எடுத்து, எல்லாவற்றையும் ஒன்றாகப் பிசைந்து அவர் கையில் கொடுத்தாள்.

பார்க்க அது ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. தேவதாஸ் தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "இன்னும் கொஞ்சம் இருக்கா?" என்று கேட்டார்.