குழாய்க்கு நேர் கீழே

குழாயை மூடி அரை மணி நேரம் ஆகியிருந்தது. ஆனாலும் வாஷ்பேசினின் ஓட்டைக்குள்ளிருந்து 'களக்' என்று ஒரு சத்தம் வந்தது.

டீச்சர் நாற்காலியிலிருந்து திரும்பிப் பார்த்தாள். வெள்ளைப் பீங்கான், வளைந்த குழாய், சுவரில் சோப்புப் புட்டி, எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தன. பகல் மூன்று மணி. திறக்கவே முடியாத கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே வெயில் காய்ந்துகொண்டிருந்தது. உள்ளே வடிகட்டிய காற்று ஒரே சீராக இரைய, மருந்து நெடிக்கும் வெளுத்த போர்வையின் வாசத்துக்கும் அடியில், அழுகத் தொடங்கிய திராட்சையைப் போல ஒரு தித்திப்பு வாடை மெல்ல எழுந்து, என்னவென்று பிடிபடும் முன்பே அடங்கிப்போனது. இந்த அறைக்குள் பழமே வரக் கூடாது.

"கேட்டுச்சா?" என்றான் கட்டிலில் கிடந்த தம்பி, கண்ணைத் திறக்காமல்.

"பைப்புதான்டா. நீ தூங்கு."

"எனக்கே பைப்பப் பத்திச் சொல்றியா?"

அவன் பிளம்பர். ரத்தப் புற்றுநோய் வந்து படுக்கும் வரை, பன்னிரண்டு வருடம் அடுத்தவர் வீட்டுக் குழாய்களோடு மல்லுக்கட்டியவன். இப்போது மருந்து ஏற்றி அவன் எலும்பு மஜ்ஜையைத் துடைத்துவிட்டு, அக்காவிடமிருந்து எடுத்த ஸ்டெம் செல்களைச் செலுத்தியிருந்தார்கள். அவை வேர்பிடித்துப் புது ரத்தம் உண்டாக்கப் பத்துப் பதினைந்து நாள் ஆகும். அதுவரை கிருமி வந்தால் எதிர்க்க அவன் உடம்பில் ஒரு வெள்ளையணுகூடக் கிடையாது. இன்று ஒன்பதாம் நாள்.

"தொடுறதுக்கு முன்னாடி கை கழுவணும், அவ்வளவுதான்" என்று நர்ஸ் முதல் நாளே சொல்லியிருந்தாள். டீச்சரிடம் போய் இதைச் சொல்ல வேண்டுமா? ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்து, விரலிடுக்கு விரலிடுக்காகத் தேய்க்கக் கற்றுக்கொடுத்தே பதினெட்டு வருடம் ஓட்டியவள் அவள். ஒரு நாளைக்கு நாற்பது தடவை கழுவினாள். புறங்கைத் தோல் வெடித்து எரிந்தது. நர்ஸுகள் 'சோப்பு டீச்சர்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். அவளுக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட.

தம்பிதான் வந்த அன்றே அந்த வாஷ்பேசினைப் பார்த்து முகம் சுளித்தான்.

"இத எவன் மாட்டினான்? குழாய் நேரா ஓட்டைக்கு மேல நிக்குது பாருக்கா. தண்ணி உள்ள குத்தி, வளைவுல தேங்கிக் கிடக்கிறதையெல்லாம் வெளிய தெறிக்க வைக்கும். நேத்து வேலைக்குச் சேர்ந்தவன்கூட இப்படி மாட்ட மாட்டான்."

"உடம்பு தேறினதும் நீங்களே வந்து மாத்திக் கொடுங்க" என்று டாக்டர் சிரித்தார். டீச்சரும் சேர்ந்து சிரித்தாள்.

அந்த ஒன்பதாம் நாள் சாயங்காலம் காய்ச்சல் நூற்றிரண்டைத் தொட்டது.

மறுநாளுக்கு மறுநாள் டாக்டர் கதவருகிலேயே நின்று பேசினார். "ரத்தத்துல கிருமி வளர்ந்திருக்கு. வழக்கமா குடுக்கிற மருந்து எதுக்கும் அடங்கல. கடைசியா ஒண்ணு இருக்கு, கிட்னியப் பதம் பார்க்கும், வேற வழியில்லாம ஆரம்பிச்சிருக்கோம்."

"நான் குடுத்த செல்லு?"

"இன்னிக்குத்தான் வெள்ளையணு தலைகாட்டியிருக்கு. நல்ல விஷயம். இன்னும் மூணு நாலு நாள் இவர் தாக்குப்பிடிச்சா, அதுங்களே கிருமியப் பார்த்துக்கும்."

"இந்தக் கிருமி எங்கேருந்து வந்துச்சு டாக்டர்? இந்த ரூம் வாசலைத்தான் நான் தாண்டலியே."

"பெரும்பாலும் நோயாளியோட குடல்லேருந்தே வரும்."

"பெரும்பாலும்னா?"

அவர் கையிலிருந்த ஃபைலை மூடினார்.

அவர் போனதும் அவள் கை கழுவப் போனாள். பழக்கம். சோப்பு போட்டு நிமிர்ந்தபோதுதான் குழாய்க்கு மேலே சுவரில் நான்கு மூலைகளிலும் பசைத் தடம் கண்ணில் பட்டது. சதுரமாக ஏதோ ஒட்டி, பிறகு உரித்த தடம். பதினாறு நாளாக அதன் எதிரேதான் நின்றிருக்கிறாள்.

தரை துடைத்துக்கொண்டிருந்த அம்மாளிடம் கேட்டாள். அந்த அம்மாள் ஒருமுறை கதவைப் பார்த்துக்கொண்டாள்.

"நோட்டீஸும்மா. இதுல கை கழுவாதீங்கன்னு போட்டிருந்துச்சு. உங்களுக்கு முன்னாடி இங்க இருந்த ரெண்டு பேருக்கும் இதே காய்ச்சல்தான்."

"அவங்க இப்ப எங்க?"

அந்த அம்மாள் துடைக்கும் துணியைத் தண்ணீரில் முக்கினாள்.

"அப்புறம் ஏன் எடுத்தீங்க?"

"மேலிடத்துலேருந்து யாரோ பார்வையிட வந்தாங்க. சுவத்துல காகிதம் அசிங்கமா இருக்குன்னு கிழிக்கச் சொன்னாங்க. நாந்தாம்மா கிழிச்சேன். திரும்ப ஒட்ட யாரும் சொல்லல."

டீச்சருக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஒரு காகிதம். பத்து எழுத்து எழுதத் தெரிந்த எந்தப் பிள்ளையும் எழுதியிருக்கும். தெரிந்தே அவனை இங்கே படுக்க வைத்தார்கள், தெரிந்தே அவளைக் கழுவச் சொன்னார்கள், தெரிந்தே சிரித்தார்கள். அத்தனை பேரையும் இழுத்து வந்து இந்த ஓட்டைக்குள் முகத்தை வைத்து அழுத்த வேண்டும் போலிருந்தது. பிறகு அவள் தன் கைகளைப் பார்த்தாள். வாய்ப்புண்ணால் அவன் குடிக்க முடியாமல் வைத்த சத்துப்பாலை, அறையில் எச்சில் தங்கக் கூடாது என்று மூன்று வேளையும் இதே ஓட்டையில்தான் ஊற்றினாள். அந்தக் கிருமியை ஊட்டி வளர்த்திருக்கிறாள். பிறகு அதில் கழுவிய கையால் அவன் நெற்றியைத் தடவினாள், உதட்டைத் துடைத்தாள்.

களக்.

அந்த அம்மாள் போய்விட்டிருந்தாள். டீச்சர் போனில் விளக்கைப் போட்டு, சல்லடை மூடியை நகத்தால் நெம்பி எடுத்தாள். திராட்சை வாடை முகத்தில் அடித்தது. உள்சுவர் முழுக்கப் பச்சையும் சாம்பலுமாக ஒரு வழவழப்பு, நாக்கைப் போல ஈரமாக, வாய்விளிம்புக்கு ஒரு விரல் கீழே வரை ஏறியிருந்தது. அதற்கும் கீழே, வளைவில், கறுப்பாகத் தண்ணீர்.

தண்ணீர் இறங்கியது.

ஏறியது.

குழாய் மூடித்தான் இருந்தது. அவள் காதைத் தீட்டிக்கொண்டாள். பின்னால் தம்பி மூச்சை இழுத்தான். தண்ணீர் இறங்கியது. மூச்சை விட்டான். ஏறியது. அவனுக்கு இருமல் வந்து மூச்சு ஒரு கணம் நின்றது.

தண்ணீரும் நின்றது.

அவள் துண்டைச் சுருட்டி ஓட்டைக்குள் திணித்தாள். அதன் மேல் பிளாஸ்திரி. குறுக்கே ஒன்று. நெடுக்கே ஒன்று. இன்னொன்று. சுருள் தீரும் வரை. அடங்குடா, அடங்கு. என் செல்லு வந்துட்டிருக்கு. மூணு நாள்தான். அடங்கு.

சத்தம் நின்றது. அவள் சுவரில் சாய்ந்து முதல் முறையாக நன்றாக மூச்சு விட்டாள்.

களக்.

பின்னாலிருந்து.

கட்டிலிலிருந்து.

அவள் போய் அவன் நெஞ்சில் காதை வைத்தாள். உள்ளே எங்கோ ஒரு வளைவில் தண்ணீர் தேங்கி நின்று, போக வழியில்லாமல் புரண்டது. அவன் மூச்சில் திராட்சை வாடை.

"அக்கா" என்றான் அவன், வாய் அசையாமல். "அடைச்சியா?"

கதவு திறந்தது. மருந்துத் தட்டோடு வந்த நர்ஸ் வாஷ்பேசினைப் பார்த்து நின்றாள்.

"என்ன டீச்சர் இது? கழுவாம நான் எப்படி அவரத் தொடறது?"

"வேணாம் சிஸ்டர்! தொறக்காதீங்க!"

நர்ஸ் பிளாஸ்திரியை ஒரே இழுப்பில் பிய்த்து, துண்டை உருவிக் கீழே போட்டு, குழாயை முழுசாகத் திருகினாள். தண்ணீர் நேராக ஓட்டைக்குள் குத்தியது. டீச்சர் கத்தியது தண்ணீர்ச் சத்தத்தில் அமுங்கிவிட்டது. நர்ஸ் இரண்டு கையிலும் சோப்பை வாங்கி, விரலிடுக்கு விரலிடுக்காக, நிதானமாகத் தேய்க்க ஆரம்பித்தாள்.

கட்டிலில் தம்பியின் வாய் திறந்தது. வெள்ளை வெளேரென்ற சோப்பு நுரை உதட்டோரம் பொங்கி, கழுத்து வழியாகத் தலையணையில் இறங்கிக்கொண்டிருந்தது.