எதிரெதிரே ஒரு சுற்று

"அதை வையுங்கோ... அது என்ர!"

வெள்ளவத்தையில் மஜீட் நானாவின் சைக்கிள் கடை. வெளியே கொட்டுகிற மழை. நனைந்தபடி உள்ளே ஓடி வந்த மேனுகாவின் முதல் வார்த்தையே சண்டையாகத்தான் இருந்தது. எதிரே நின்றவனின் கையில், பின்சில்லுக்குப் போடுகிற பெரிய கியர்ச் சக்கரம். மலையேற்றத்துக்கென்றே செய்தது. கடையில் இருந்ததே அந்த ஒன்றுதான்.

அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "உங்கட பேர் ஒரு இடத்திலயும் எழுதியில்லையே..."

"போன கிழமையே சொல்லி வைச்சனான். நானா, சொல்லுங்கோவன்!"

மஜீட் நானா தலையைச் சொறிந்தார். "ரெண்டு பேருக்கும் ஓமெண்டு சொல்லிட்டன் தங்கச்சி... மறதி."

அவன் நிமிர்ந்தான். சண்டைக்கு நிற்கிறவனின் கண்ணில் இவ்வளவு சிரிப்பு எப்படி இருக்கும்? இமையில் ஒரு மழைத்துளி வேறு... விழமாட்டேன் என்று அடம்பிடித்துக் கொண்டிருந்தது. சீ, இதையெல்லாம் நான் ஏன் பார்க்கிறேன் என்று மேனுகா அவசரமாக முகத்தைத் திருப்பிக் கொண்டாள்.

அவன் பெயர் ஜனா. கொட்டாஞ்சேனைக்காரன். அவளைப் போலவே அவனும் கித்துல்கலயில் தொடங்கி மலையேறி ஒரு சுற்று வரத்தான் போகிறானாம். அதுவும் இரண்டு கிழமை கழித்து அவள் குறித்து வைத்திருந்த அதே ஞாயிற்றுக்கிழமை!

"அப்ப ரெண்டு பேரும் பாதையைக் கீறுங்கோ" என்று கலண்டர்த் தாளொன்றைக் கிழித்துப் போட்டார் நானா. "ஆர்ட பிளான் நல்லமோ, அவங்களுக்குச் சாமான்."

ஜனா அழகாகக் கீறினான். பெரிய றோட்டால் கினிகத்தேனைக்கு ஏறி, அங்கிருந்து நோட்டன் பிரிட்ஜ், பிறகு லக்ஷபான வழியாக இறங்கி மறுபடி கித்துல்கல. மேனுகா பேனையைப் பறித்தாள். அவன் போட்ட அம்புக்குறிகளை எல்லாம் மறுபக்கம் திருப்பிவிட்டாள்.

"லக்ஷபான றோட்டு ஒடுக்கம். காலமையில ஈரம், பாசி. அதில ஏறலாம்... இறங்கினா பிரேக் பிடிக்காது. வளைவுக்கு வளைவு பஸ் வேற. இறங்கிறதெண்டா கினிகத்தேனைப் பெரிய றோட்டாலதான் இறங்கவேணும்."

நானா சக்கரத்தை மேனுகாவின் கையில் வைத்தார்.

"சாமானை வைச்சிருங்கோ" என்றான் ஜனா. ஆனால் காது சிவந்துவிட்டது. "நான் என்ர பக்கத்தாலதான் போவன்."

"போங்கோவன்! எதிரெதிரா வந்தா எங்கயாவது ஒருக்கா சந்திக்கத்தானே வேணும்..."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக் கொண்டாள்.

அதற்குப் பிறகு இரண்டு கிழமை வட்ஸ்அப்பில் ஒரே பாதைச் சண்டை. எந்த வளைவில் தண்ணீர் கிடைக்கும், எந்தத் தேத்தண்ணிக் கடை ஞாயிறு திறக்கும்... சண்டை என்றுதான் பெயர். போன் சிணுங்கினால் மேனுகாவின் நெஞ்சும் சேர்ந்து சிணுங்கியது. ஒரு நாள் அவன் விளையாட்டாக எழுதினான்: "லக்ஷபான ஏத்தத்தில நீங்கள் இறங்கித் தள்ளுவீங்கள். மேல இருந்து வந்து நான் பார்த்துச் சிரிப்பன்."

பாவம், அவனுக்கு என்ன தெரியும்? போன வருடம் அதே ஏற்றத்தில் அவள் இறங்கித் தள்ளி, அதுவும் முடியாமல், ஒரு லொறியில் ஏறித்தான் மேலே போனாள். தம்பி அதைப் படம்பிடித்துக் குடும்பக் குறூப்பில் போட, கனடாச் சித்தி வரை சிரித்து முடித்தாகிவிட்டது. இந்த முறை ஒரு கால்கூட நிலத்தில் படாமல் ஏறுவேன் என்று தனக்குத்தானே சத்தியம் செய்து, எட்டு மாதமாக மிதித்துக் கொண்டிருந்தாள். அவன் வந்து அந்த இடத்திலேயே குத்தினான். அவள் பதில் போடவில்லை. அவனும் போடவில்லை... மூன்று நாள்.

ஞாயிறு காலை ஆறு மணி. கித்துல்கலயில் றோட்டின் அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் அவள். ஒரு 'குட் மோர்னிங்' கூட இல்லை. அவன் கினிகத்தேனைப் பக்கம் மிதித்தான். அவள் பொல்பிட்டிய பக்கம் திரும்பினாள். அவளுடைய சிநேகிதி ஜீவராணி வானோடு முன்னாலேயே நோட்டனுக்குப் போய்விட்டாள். வான் பக்கத்தில் வந்தால் மனம் ஏறச் சொல்லும் என்ற பயத்தில் மேனுகாதான் அனுப்பி வைத்தாள்!

லக்ஷபான தாண்டியதும் மலை நெஞ்சுக்கு நேரே எழுந்து நின்றது. தூறல். தேயிலை வாசம். தொடை எரிந்தது, மூச்சு தொண்டையில் சிக்கியது. பெரிய சக்கரம் மெல்ல மெல்லச் சுழன்றது. வரட்டும்... இப்போது வரட்டும். நான் மிதிப்பதை அவன் பார்க்க வேண்டும்.

ஒரு வளைவு. அவன் இல்லை. இன்னொரு வளைவு... இல்லை. எட்டு மணியும் தாண்டிவிட்டது. கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை, பயம் வந்து குந்திக் கொண்டது. மேலே ஏதாவது வளைவில் வழுக்கி விழுந்திருப்பானோ? நின்று போன் எடுத்துப் பார்க்கலாமா? நின்றால் கால் நிலத்தில். நின்றால் போன வருடம்தான்.

'விழுந்திருந்தாலும் மேலேதானே கிடப்பான்... ஏறு!'

ஏறினாள். கண்ணீரா மழையா என்று தெரியாமல் ஏறினாள். கடைசி வளைவு முடிந்து, நோட்டன் பிரிட்ஜ் சந்தி கண்ணுக்கு முன்னால் சமதரையாக விரிந்தபோது வாய்விட்டுக் கத்தினாள். இரண்டு தோட்டத்து அக்காமார் கொழுந்துக் கூடையோடு நின்று கைதட்டினார்கள். ஒரு தரமும் இறங்கவில்லை. ஒரே ஒரு தரமும்!

ஜீவராணி ஓடி வந்து கட்டிப்பிடித்தாள். மேனுகா கேட்டது ஒன்றுதான். "ஜனா இதால இறங்கினவரோ?"

"ஆறரையில இருந்து இங்கதான் நிக்கிறன். ஒரு சைக்கிளும் வரேல்லையடி."

மேனுகா அவசரமாகப் போனை எடுத்தாள். அழைப்புப் போனது... மணிச் சத்தம் அவளுக்குப் பின்னாலிருந்து, அவள் ஏறி வந்த றோட்டிலிருந்தே கேட்டது.

ஜனா! சேறும் மழையுமாக, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு.

"நீங்கள்... இந்தப் பக்கத்தால எப்பிடி?"

"ரெண்டு கிலோமீற்றர் போய்த் திரும்பிட்டன்." அவனுக்கு மூச்சு வாங்கியது. "நீங்கள் சொன்ன பக்கம்தான் சரி. அது கடையிலேயே தெரியும், சொல்ல மனம் வரேல்லை. நான் மூண்டு தரம் இறங்கித் தள்ளினனான்... வேணுமெண்டா சிரியுங்கோ."

அவள் சிரிக்கவில்லை. "அதுக்காகத்தான் திரும்பினீங்களோ?"

"இல்லை..." அவன் கண்கள் தாழ்ந்து, பிறகு நேரே அவள் கண்களுக்கு வந்தன. "எதிர்ப்பக்கமா வந்தா உங்களை ஒருக்காத்தான் காணலாம். அதுவும் ரெண்டு செக்கன். பின்னால வந்தா வழி முழுக்கக் காணலாமெண்டு நினைச்சன். எங்க... அந்த வேகத்தில ஏறினா, நீங்கள் காண விட்டாத்தானே! மேனுகா, எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. கடையில அந்த அம்புக்குறியைத் திருப்பின நேரத்தில இருந்து."

ஜீவராணி திடீரென்று வானுக்குள் எதையோ தேடப் போய்விட்டாள்.

மேனுகா அவனை நோக்கி இரண்டு அடி எடுத்து வைத்தாள். இவ்வளவு பெரிய மலையில் நிலத்தில் படாத கால்கள்!

"மூண்டு நாளா ஒரு மெசேஜும் இல்லை" என்றாள். "விழுந்திட்டீங்களோ எண்டு செத்துப் பிழைச்சு ஏறினனான் தெரியுமே? எனக்கும் உங்களைத்தான் பிடிச்சிருக்கு, ஜனா... சரியான கோவம், ஆனா சரியாப் பிடிச்சிருக்கு."